முனியறைக்குள் எலும்பே இல்லையே, அப்புறம் எப்படி அது கல்லறை?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து மறையூர்ப் பாறை மேல், பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு கல்லால் மூடியபடி இருக்கும் முனியறைகளை உங்கள் அம்மாச்சி, முனிகள் தவம் இருந்த இடம் என்கிறார். ஜீப் ஓட்டிவந்தவர், வனவாசத்தில் பாண்டவர்கள் கட்டியது என்றார். ஒரு காணொளியில் கற்கால மனிதனின் வீடு என்று சொன்னார்கள். இணையத்தில் தேடினால் ஈமச்சின்னம் என்று வருகிறது. நீங்களே குனிந்து உள்ளே போய்ப் பார்த்தீர்கள். ஆட்டுப் புழுக்கையும் உடைந்த பாட்டிலும்தான் கிடந்தன. எலும்பு இல்லை, பானை இல்லை, பெயர் வெட்டிய கல் இல்லை. எதை வைத்து இதைக் கல்லறை என்கிறார்கள், அது யாருடைய கல்லறை, உள்ளே நுழைந்தது தப்பா என்று கேட்கிறீர்கள். நான் தொல்லியல் படித்தவன். பழனி மலையின் இரண்டு பக்கமும், அட்டப்பாடிப் பக்கமும் கள ஆய்வுக்காகப் பல வருடம் நடந்தவன். எது உறுதி, எது ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

உறுதியானது இது: முனியறைகள் நாங்கள் கல்திட்டை என்று சொல்லும் வகை. இறந்தவர்களுக்காகப் பெரிய கற்களை எடுத்து நிறுத்திய பெருங்கற்படைப் பண்பாட்டின் மிச்சம். தென்னிந்தியா முழுக்க இரும்புக்காலத்தில் பரவியிருந்த வழக்கம் அது. அறைக்குள் எதுவும் கிடைக்காதபோதும் இதை உறுதியாகச் சொல்ல முடிகிறது. ஏனென்றால் எங்களுக்கு முதல் சான்று உள்ளே இருக்கும் பொருள் இல்லை. கல் எப்படி நிற்கிறது, எங்கே நிற்கிறது, அதே மாதிரிக் கல் வேறு எங்கெல்லாம் நிற்கிறது, அங்கே தோண்டியபோது என்ன கிடைத்தது என்பதுதான் சான்று.

வீடு என்ற பேச்சை முதலில் முடித்துவிடலாம். நீங்கள் உள்ளே போயிருக்கிறீர்கள், அதனால் உங்களுக்கே தெரியும்: நிமிர முடியாது, ஒரு ஆள் காலை நீட்டிப் படுத்தாலே இடம் சரியாகிவிடும். சில அறைகளில் அதுவும் முடியாது. ஒரு குடும்பம் வாழ்ந்த இடத்தில் அடுப்புக் கரி, சாம்பல், உடைந்த சமையல் பானை, அரைத்த கல், தின்று போட்ட விலங்கின் எலும்பு என்று வாழ்க்கையின் குப்பை ஏதாவது மண்ணில் இருக்கும். இந்த அறைகளோ காற்று அறையும் மொட்டைப் பாறை மேல், வாழ்ந்த குப்பை சுற்றிலும் இல்லாமல் நிற்கின்றன. மறையூரைச் சேர்ந்த அஞ்சுநாடு மழை மறைவுப் பகுதிதான், ஆனாலும் அந்தப் பாறை மேல் ஒரு இரவு உட்கார்ந்து பாருங்கள். கீழே பாம்பாற்றங்கரையில் தண்ணீரும் மண்ணும் நிழலும் இருக்கும்போது வாழ்வதற்கு யாரும் அங்கே ஏற மாட்டார்கள். எங்கிருந்தும் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று நினைக்கிறவர்கள்தான் அங்கே எதையாவது கட்டுவார்கள்.

இப்போது அக்கம்பக்கத்துக்கு வருவோம். அஞ்சுநாடு பழனி மலைத்தொடரின் மேற்குப் புறம். பாம்பாறு கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடும் மூன்று ஆறுகளில் ஒன்று, இறங்கி அமராவதியில் சேருகிறது. எல்லைக்கோடு நம் காலத்தது. அந்தக் காலத்து மனிதர்களுக்கு இது ஒரே மலை. மலையின் மறுபக்கத்தில் தாண்டிக்குடியைச் சுற்றி இதே போன்ற கல்திட்டைகள் ஏராளமாக உண்டு. ஆங்கிலேட், நியூட்டன் என்ற இரண்டு பாதிரியார்கள் பழனி மலைக் கல்திட்டைகளை நடந்து பார்த்து, அளந்து எழுதியதை இந்தியத் தொல்லியல் துறை 1928-ல் தனி நூலாகவே வெளியிட்டது. வடக்கே மலையிறங்கினால் பழனிக்குப் பக்கத்தில் பொருந்தல். அங்கே 2009-10-ல் பேராசிரியர் கா. ராஜன் குழுவினர் அகழ்ந்த ஒரு கல்லறையில் நான்கு கால் வைத்த ஜாடி ஒன்றில் சுமார் இரண்டு கிலோ நெல் இருந்தது. இறந்தவருக்கென்று வைத்த நெல். அதைக் கரிமக் கணிப்புக்கு அனுப்பியபோது கி.மு. 490 என்று வந்தது. அதே கல்லறையில் பானையை நிறுத்தும் பிரிமனை ஒன்றில் தமிழ் எழுத்தும் கீறப்பட்டிருந்தது. அந்தத் தேதியை எழுத்துக்கும் அப்படியே பொருத்தலாமா என்பதில் அறிஞர்களிடையே வாதம் இன்னும் நடக்கிறது. ஆனால் அது கல்லறை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

கேரளத்துக்குள்ளேயே பார்த்தாலும் அதே குடும்பம்தான். திருச்சூர் மாவட்டத்தில் அரியன்னூர், சேரமனங்காடு போன்ற இடங்களில் குடை போன்ற குடைக்கல்லும் தொப்பி போன்ற தொப்பிக்கல்லும் நிற்கின்றன. அங்கே செம்பாறாங்கல் வெட்டுவதற்கு எளிது, அதனால் வடிவம் மாறியது. போர்க்களம் என்ற ஊரில் 1948-ல் பி.கே. தாப்பர் அகழ்ந்த ஈமக்குழியில் பானைகளும் இரும்புப் பொருட்களும் மணிகளும் கிடைத்தன. பாலக்காட்டில் மலம்புழா அணையை ஒட்டிய மேடுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட பெருங்கற்சின்னங்களைக் கண்டதாகத் தொல்லியல் துறை 2025-ல்தான் அறிவித்தது, பெரும்பாலும் கல்பதுக்கைகள், அதாவது பலகைக் கற்களால் பெட்டி போலக் கட்டிய ஈம அறைகள். கல் மாறும், வடிவம் மாறும். செய்கிற காரியம் ஒன்றுதான்: இறந்தவருக்கு ஓர் அறை, அதற்கு மேல் ஒரு பெரிய கல், சுற்றிலும் ஓர் எல்லை.

அடுத்த முறை போகும்போது ஒரே ஒரு முனியறை முன்னால் கொஞ்ச நேரம் உட்காருங்கள். பக்கக் கல் ஒன்றின் விளிம்பைப் பாருங்கள். கல்லின் இரண்டு முகமும் ஏறக்குறைய இணையாக, பலகை மாதிரி இருக்கும். அதை யாரும் உளியால் இழைத்துத் தட்டையாக்கவில்லை. இந்த மலைப்பாறை வெயிலிலும் குளிரிலும் மேல்தோல் தனியே பெயரும் குணம் உடையது. பக்கத்திலேயே பாறையில் அப்படிப் பெயர்ந்து நிற்கும் அடுக்குகளைப் பார்க்கலாம். கட்டியவர்களுக்கு அந்தக் குணம் தெரிந்திருந்தது. தீ மூட்டிச் சூடாக்கியோ ஆப்பு இறக்கியோ அந்த அடுக்கைப் பெயர்த்திருப்பார்கள். விளிம்பில் சில்லுச் சில்லாகத் தட்டி எடுத்த தடம் தெரிந்தால், அது அளவுக்கு ஒடித்த இடம். அப்புறம் பக்கக் கற்களின் அடியைப் பாருங்கள். பாறையில் குழி தோண்ட முடியாததால், கல் சரியாமல் இருக்கச் சிறு கற்களை அணை கொடுத்திருப்பார்கள். சமவெளியில் கொடுமணல் போன்ற இடங்களில் மண்ணுக்குள் கட்டிய பதுக்கைகளில் நான்கு பலகைகளையும் ஒன்றன் முனை அடுத்ததைத் தாங்கும்படி, அட்டைப் பெட்டியின் மூடிகளை ஒன்றுக்குள் ஒன்றாக மடக்குவது போல நிறுத்தியிருப்பார்கள். வெளியே இருந்து மண் எவ்வளவு நெருக்கினாலும் பெட்டி இன்னும் இறுகும். மலை மேல் அந்த மண் நெருக்கம் கிடையாது. எடை முழுவதும் மூடுகல்லில் இருந்து வருகிறது. அதனால்தான் மூடுகல்லை யாராவது நகர்த்தினால் மொத்த அறையும் சரிந்துவிடும். அங்கே விழுந்து கிடக்கும் அறைகளில் பலவும் அப்படிப் போனவைதான்.

அவ்வளவு கனமான கல்லை மேலே ஏற்றியது எப்படி என்றால் நேரடிச் சான்று கிடையாது. சாய்வாக மண்ணும் கல்லும் கொட்டி, கட்டைகள் மேல் உருட்டி ஏற்றியிருக்கலாம் என்பது ஊகம். நாகாலாந்தில் நினைவுக்கல்லை மரச்சட்டத்தில் கட்டி ஊரே கூடி இழுக்கும் வழக்கம் அண்மைக்காலம் வரை இருந்தது. இங்கேயும் ஊர் கூடித்தான் நடந்திருக்க வேண்டும். நாலு பேர் வேலை இல்லை இது.

சரி, எலும்பு எங்கே? பலரும் நினைப்பது போல முழு உடலை உள்ளே படுக்க வைத்து மூடிய அறைகள் இல்லை இவை. பெருங்கற்சின்னங்களை அகழ்ந்த பெரும்பாலான இடங்களில் கிடைப்பது ஒரு கைப்பிடி எலும்புத் துண்டுகள்தான். உடலை முதலில் வேறு இடத்தில் விட்டோ எரித்தோ புதைத்தோ, பிறகு எலும்பில் கொஞ்சத்தை மட்டும் எடுத்துவந்து பானையோடு வைத்திருக்கிறார்கள். ஒரே ஊரில் பல முறைகள் ஒரே காலத்தில் நடந்ததை மணிமேகலை வெளிப்படையாகச் சொல்கிறது. சக்கரவாளக் கோட்டத்துச் சுடுகாட்டை விவரிக்கும்போது, ‘சுடுவோர் இடுவோர் தொடுகுழிப் படுப்போர், தாழ்வயின் அடைப்போர் தாழியிற் கவிப்போர்’ என்று ஐந்து வகையை அடுக்குகிறது: எரிப்பவர், உடலை அப்படியே போட்டுவிடுபவர், தோண்டிய குழியில் புதைப்பவர், தாழ்ந்த இடத்தில் வைத்து அடைப்பவர், தாழியால் கவிப்பவர். அது புகாரைப் பற்றியது, காலத்தாலும் பிந்தியது. மறையூருக்கு நேர்ச் சான்றாக வைக்க மாட்டேன். ஆனால் ஈமச்சடங்கு என்றால் ஒரே முறைதான் என்ற நம் எண்ணத்தை உடைக்க அந்த இரண்டு அடி போதும். பாறை மேல் திறந்து நிற்கும் அறையில், மண் மூடாத நிலையில், ஒரு கைப்பிடி எலும்பு இத்தனை நூற்றாண்டு மழைக்கும் நரிக்கும் எறும்புக்கும் தப்புமா? மண்ணுக்குள் இருந்தாலே கேரளத்தின் அமில மண்ணில் எலும்பு கரைந்துவிடும். இதற்கு மேல் புதையல் தேடியவர்கள். ‘பாண்டவர் பொன் வைத்தார்கள்’ என்ற கதை இருக்கும் ஊரிலெல்லாம் அறையின் தரையைக் கிளறிப் பார்த்திருக்கிறார்கள். மலபாரில் இத்தகைய குழிகளைப் பற்றி பாபிங்டன் என்ற ஆங்கிலேயர் எழுதிய கட்டுரை 1823-ல் அச்சானது. அப்போதே மக்கள் அவற்றைப் பாண்டவரோடு சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். கதையின் வயதும் கம்மி இல்லை.

சந்தேகத்துக்கு உரிய இடம் இங்கேதான் வருகிறது. எல்லா முனியறையிலும் எலும்பு வைத்தார்களா, அல்லது சிலது வெறும் நினைவுச்சின்னங்களா? கல்திட்டைகளில் ஒரு பகுதி, உடலின் எந்தப் பாகமும் வைக்காமல் இறந்தவரின் நினைவாக மட்டும் எழுப்பியவை என்று கருதும் அறிஞர்கள் இருக்கிறார்கள். போரிலோ காட்டிலோ உடல் கிடைக்காமல் போனவர்களுக்காக இருக்கலாம், சடங்கு வைக்கும் இடமாக இருக்கலாம். என் எண்ணம், மறையூரில் இரண்டு வகையும் கலந்திருக்கும் என்பது. இது எண்ணம்தான். நீலகிரியில் குறும்பர் என்ற பழங்குடியினர், யாராவது இறந்தால் ஆற்றில் உருண்டு வழுவழுப்பான நீளக் கல் ஒன்றை எடுத்துவந்து, பழைய கல்திட்டைக்குள்ளோ புதிதாகக் கட்டிய சிறு கல் அறைக்குள்ளோ வைக்கும் வழக்கத்தை 1873-ல் வெளிவந்த ப்ரீக்ஸின் நூல் பதிவு செய்திருக்கிறது. அவர் நீலகிரியின் முதல் ஆணையர். எலும்பு இல்லை, பெயர் இல்லை, ஓர் ஆற்றுக்கல். அந்த வீட்டாருக்கு அது யார் என்று தெரியும். பிற்காலத்தில் வந்த ஒருவர் உள்ளே பார்த்தால் வெறும் கூழாங்கல் கிடக்கிறது என்றுதான் எழுதுவார். அதனால் ‘காலி அறை’ என்று சொல்லும்போது நான் ரொம்ப ஜாக்கிரதையாக இருப்பேன்.

காலத்தைப் பற்றி நீங்கள் பார்த்த காணொளி பத்தாயிரம் ஆண்டு என்கிறது. அதற்கு ஆதாரம் கிடையாது. கல்லைப் பார்த்து வயது சொல்ல முடியாது, பாறையின் வயது கோடிக்கணக்கான ஆண்டு. கரியோ தானியமோ எலும்போ, முத்திரை போல மூடப்பட்ட நிலையில் கிடைத்தால்தான் தேதி. இந்த வகைச் சின்னங்களில் மற்ற இடங்களில் இரும்பு வாளும், உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான பானைகளும் கிடைக்கின்றன. அதனால் கற்காலம் என்பது தப்பு. பொதுவாக கி.மு. 1000-ஐ ஒட்டித் தொடங்கி கி.பி. முதல் சில நூற்றாண்டுகள் வரை என்று சொல்லிவந்தோம். தொடக்கம் இப்போது இன்னும் பழைய காலத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் கிடைத்த மாதிரிகளை வைத்து இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று தமிழ்நாடு தொல்லியல் துறை 2025 ஜனவரியில் வெளியிட்டது. அதை இன்னும் பலர் சோதித்துப் பார்க்க வேண்டும். எப்படியானாலும் சிவகளையின் தேதியை எடுத்து மறையூர்க் கல்லில் ஒட்டக்கூடாது. அது வேறு இடம், வேறு வகைச் சின்னம். கல் எடுத்து நிறுத்தும் வழக்கம் ஆயிரம் வருடத்துக்கு மேல் தொடர்ந்தது என்பதால், அடுத்தடுத்து நிற்கும் இரண்டு முனியறைகளுக்கு இடையே பல தலைமுறை இடைவெளி இருக்கலாம்.

யாருடைய முன்னோர் என்ற கேள்விக்கு உங்கள் கேள்வியின் கீழேயே இரண்டு மூன்று பேர் தங்கள் சமூகத்தின் பெயரை எழுதியிருக்கிறார்கள். அந்த ஆசை புரிகிறது. ஆனால் யாராலும் நிறுவ முடியாது. அஞ்சுநாட்டு ஊர்க்காரர்கள் தாங்கள் மதுரைப் பக்கம் இருந்து மலையேறி வந்ததாகச் சொல்கிறார்கள். இந்த மலையின் பழங்குடியான முதுவர்களும் மதுரையை விட்டு வந்த கதையைத்தான் சொல்கிறார்கள். இரண்டு கதையிலும் இந்த மலைக்கு வந்து சேர்ந்ததுதான் பேச்சு, இங்கே கல் எடுத்துக் கட்டியது இல்லை. இன்றைய சாதிப் பெயர்கள் எதையும் அந்தக் காலத்துக்கு எடுத்துப் போக வழி இல்லை. கர்நாடகத்தில் இருந்து ஈழம் வரை பரவியிருந்த ஒரு வழக்கத்தை ஒரே இனத்தின் கையில் கொடுக்கவும் முடியாது. அங்கே கல் எடுத்தவர்களின் ரத்தம் இன்று இந்த மலையில் இருக்கும் பலரிடமும் கொஞ்சம் கொஞ்சம் ஓடலாம் என்பதற்கு மேல் நான் எதையும் சொல்ல மாட்டேன்.

பெயர் ஏன் இல்லை என்று கேட்டிருந்தீர்கள். கல்திட்டைகளை எழுப்பிய தொடக்க காலத்தில் இங்கே எழுத்தே கிடையாது. எழுத்து வந்த பிறகும் அது முதலில் பானையில்தான் அதிகம் ஏறியது. இறந்தவரின் பெயர் கல்லில் ஏறியதற்குப் பழைய சான்று, உங்கள் மலைக்குக் கிழக்கே இறங்கினால் வரும் தேனி மாவட்டத்தில் இருக்கிறது. ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் மூன்று நடுகற்கள் கிடைத்தன. அதில் ஒன்றின் தமிழ் பிராமி எழுத்து, கூடலூரில் நடந்த ஆநிரைச் சண்டையில் இறந்த தீயன் அந்தவன் என்பவனுக்கான கல் என்று சொல்கிறது. கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. பெயரும் ஊரும் இறந்த காரணமும் ஒரு சிறு கல்லில் வந்துவிட்டன. அந்த இடத்தைச் சுற்றியே பழைய கல்பதுக்கைகளும் இருந்தன. அறை கட்டி நினைத்த காலத்துக்கும் பெயர் எழுதி நினைத்த காலத்துக்கும் நடுவே சுவர் எதுவும் கிடையாது என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல சாட்சி தெரியாது.

உங்கள் தேவிகுளம் தாலுகாவிலேயே இதன் பின்கதையும் இருக்கிறது. மூணாறில் மலைச்சரிவில் இருக்கும் ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டத்தில் முதலில் அடக்கமானவர் எலினார் இசபெல் மே. கல்யாணமாகி வந்த சில நாட்களில், 1894 டிசம்பரில் காலராவில் இறந்தார். கீழே இருக்கும் சி.எஸ்.ஐ. தேவாலயத்துக்கு 1910-ல்தான் அடிக்கல் வைத்தார்கள். கோயிலுக்கு முன்னால் கல்லறை வந்துவிட்டது. அதே காலத்தில் தேயிலைக்காகக் காடு வெட்ட வந்து காய்ச்சலில் போன தமிழ்த் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. தோட்டத்து ஓரம் மண்மேடாக இருந்து, பிறகு அதுவும் தேயிலைக்குள் போய்விட்டது. எனக்கு இதில் தீராத வருத்தம் உண்டு. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேர் இறந்தபோது, கிடைத்த உடல்களை ராஜமலையில் ஒன்றாக அடக்கம் செய்தார்கள். உறவினர்கள் வருடா வருடம் அங்கே கூடுகிறார்கள். சிலரின் உடல் கடைசி வரை கிடைக்கவே இல்லை. உடல் கிடைக்காதவருக்கும் ஓர் இடம் வேண்டும் என்று அந்த வீட்டார் கேட்பதைப் பார்த்தவர்களுக்கு, எலும்பு இல்லாத கல்லறை எதற்கு என்று தோன்றாது.

உள்ளே போனது தப்பா என்றால், பாவம் எதுவும் இல்லை, ஆனால் இனி போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். காரணம், மூடுகல் எதன் மேல் எப்படி நிற்கிறது என்பது வெளியில் இருந்து தெரியாது. தரையில் மிஞ்சியிருக்கும் விரல்கடை மண்ணில்தான் ஏதாவது தேதி தரக்கூடிய கரித்துண்டு இருக்கும், அது காலில் மிதிபடக்கூடாது. உள்ளே தீ மூட்டினால் பலகைக்கல் தோல் உரிந்து வெடிக்கும். மழைக்கு ஒதுங்கித் தீக்காய்கிறவர்களிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். பெயர் கிறுக்குவதும், படம் தெளிவாக வரட்டும் என்று சாக்பீஸ் பூசுவதும் வேண்டாம். கல் மேல் படிந்த பூஞ்சைப் பாசியைச் சுரண்டுவதும் வேண்டாம். சரிந்த கல்லை நல்லெண்ணத்தில் தூக்கி நிறுத்திவிடாதீர்கள். விழுந்து கிடக்கும் நிலையும் எங்களுக்குச் சான்று. உங்கள் அம்மாச்சி சொன்ன முனி கதையைத் திருத்தவும் வேண்டாம். அந்தப் பயமும் மரியாதையும்தான் இத்தனை காலம் பல அறைகளைக் காப்பாற்றியிருக்கின்றன. முடிந்தால் அவர் சொல்வதை அவர் குரலிலேயே பதிவு செய்து வையுங்கள்.

உதவ வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள், அதற்கு ஒரு போனும் அளவு நாடாவும் போதும். ஒவ்வொரு அறையையும் நான்கு பக்கம் இருந்தும் படம் எடுங்கள், பக்கத்தில் அளவு தெரியும்படி ஏதாவது வையுங்கள். திறப்பு எந்தத் திசை பார்க்கிறது, பலகையின் கனம் எவ்வளவு, பக்கக் கல்லில் இடுதுளை என்னும் வட்டத் துளை இருக்கிறதா, சுற்றிலும் கல்வரிசை இருந்த தடம் உண்டா, எத்தனை அறைகள் சேர்ந்து நிற்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். அறையில் இருந்து பார்த்தால் எந்த ஊர், எந்த ஆறு தெரிகிறது என்பதையும் எழுதுங்கள். இருப்பிடக் குறியீட்டைப் பொதுவெளியில் போடாமல் மாநிலத் தொல்லியல் துறைக்கு மட்டும் அனுப்புங்கள், புதையல் தேடுகிறவர்களும் இணையம் பார்க்கிறார்கள். பாறையை விட்டுக் கீழே கரும்புத் தோட்டத்தில் உழும்போது பெரிய தாழியின் வாய் தட்டுப்பட்டால், ஏர் நின்ற இடத்திலேயே நிறுத்தச் சொல்லுங்கள். வெளியே எடுக்க வேண்டாம், உள்ளே கைவிட வேண்டாம், ஓலையோ தார்ப்பாயோ போட்டு மூடிவிட்டுத் தாசில்தாருக்குச் சொல்லலாம். கேரளத்தின் 1968-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மண்ணுக்குள் கிடைக்கும் மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிப்பது கடமை. தெரிவித்தால் நிலம் போய்விடும் என்று விவசாயிகள் பயப்படுவார்கள். ஒரு தாழி கிடைத்ததற்காக யாருடைய பட்டாவும் தானாக ரத்தாவது கிடையாது, அதை அவர்களிடம் முதலிலேயே விளக்கிவிடுங்கள்.